'ரேம்' விலை நியாயமான விலைதானா?

மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறான். அப்பா சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார். "அந்த விலை இப்போது இல்லை, சார். ரேம் விலை ஏறிவிட்டது" என்கிறார் கடைக்காரர்.

2025-ம் ஆண்டுக் கடைசியில் பல வீடுகள் கேட்ட பதில் இது.

ரேம் என்பது என்ன?

தையல் கடையில் துணிகள் அலமாரியில் இருக்கும். வெட்டுவதற்கு மேஜை வேண்டும். மேஜை பெரிதாக இருந்தால் வேலை மளமளவென்று நடக்கும். சிறிதாக இருந்தால், ஒரு துணியை மடித்து வைத்த பிறகுதான் இன்னொன்றை விரிக்க முடியும். கம்ப்யூட்டருக்கு அந்த மேஜைதான் ரேம். பார்ப்பதற்குச் சின்னப் பலகை. அதன்மேல் கறுப்புச் சில்லுகள் வரிசையாக இருக்கும்.

அந்தப் பலகையின் விலைதான் சில மாதங்களில் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது.

கடைக்காரரைத் திட்டிப் பயன் இல்லை. அவர் வாங்குகிற விலையே ஏறிவிட்டது. விலை முடிவாகிற இடம் வேறு. அந்த இடத்தில் முன்பு ஒரு முறை என்ன நடந்தது என்பது கோர்ட்டிலேயே வெளிவந்தது.

ரகசியப் பேச்சு

1999 முதல் 2002 வரை நடந்த கதை அது. ரேம் சில்லு செய்யும் பெரிய கம்பெனிகள் வெளியே போட்டியாளர்கள். உள்ளுக்குள்ளே கூட்டாளிகள்! அவற்றின் அதிகாரிகள் ரகசியமாகச் சந்தித்தார்கள். டெலிபோனிலும் பேசிக்கொண்டார்கள். "இந்த விலைக்குக் கீழே யாரும் விற்க வேண்டாம்" என்று முடிவு செய்தார்கள்.

அந்தச் சில்லுகளை வாங்கியவர்கள் சாமானியர்கள் அல்ல. டெல், ஐ.பி.எம்., ஆப்பிள் போன்ற பெரிய கம்பெனிகள். அவர்களே ஏமாந்தார்கள். கம்ப்யூட்டர் விலையைக் கூட்டினார்கள். அல்லது உள்ளே வைக்கும் ரேமைக் குறைத்தார்கள். இரண்டிலும் நஷ்டம் வீட்டுக்காரருக்குத்தான்.

2002-ல் அமெரிக்க சர்க்கார் விசாரணை தொடங்கியது. அமெரிக்கக் கம்பெனியான மைக்ரான், கூட்டில் தானும் இருந்ததைச் சொல்லி, சர்க்காருக்கு உதவியது. அதனால் அபராதம் இல்லாமல் தப்பியது. காட்டிக் கொடுத்தவனுக்கு மன்னிப்பா என்று கோபம் வரலாம். ஆனால் ஒருவன் வாய் திறக்காவிட்டால் இந்த மாதிரிக் குற்றம் வெளியே வருவது மிகக் கடினம்.

மற்றவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஜெர்மனியின் இன்பினியான் 16 கோடி டாலர் அபராதம் கட்டியது. தென் கொரியாவின் ஹைனிக்சுக்கு பதினெட்டரைக் கோடி டாலர். அதே நாட்டின் சாம்சங்குக்கு 30 கோடி டாலர். ஜப்பானின் எல்பிடாவுக்கு 8 கோடியே 40 லட்சம் டாலர். அதிகாரிகள் பலர் ஜெயிலுக்கும் போனார்கள்.

பிறகு நஷ்ட ஈட்டு வழக்கு நடந்தது. 31 கோடி டாலர் தருவதாகச் சமரசம் ஆயிற்று. அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு மட்டும். பணம் கைக்கு வரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதற்குள் அந்தக் கம்ப்யூட்டர் எந்தப் பழைய சாமான் கடைக்குப் போயிற்றோ!

கம்பெனிக்காரர் கணக்கு

ஆனால் விலை ஏறினாலே மோசடி என்று சொல்லிவிடக் கூடாது.

மழை கெட்டால் தக்காளி விலை ஏறுகிறது. விளைச்சல் பெருகினால் தக்காளியைத் தெருவில் கொட்டுகிறார்கள். ரேம் வியாபாரமும் அப்படித்தான். ஆலை கட்டப் பல நூறு கோடி டாலர் வேண்டும். கட்டி முடிப்பதற்குள் கிராக்கி போய்விட்டால் சரக்கு தேங்கும். அப்போது கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான். 2023-ல் இதே கம்பெனிகள் ரேம் வியாபாரத்தில் பெரும் நஷ்டப்பட்டன. அந்த ஆண்டு மலிவாக வாங்கிய யாரும் "இது அநியாய விலை" என்று சொல்லவில்லை!

நஷ்டம் தாங்காமல் மூடியவர்களும் உண்டு. இன்பினியானில் இருந்து பிரிந்த ரேம் கம்பெனியான கிமோண்டா 2009-ல் திவால் ஆனது. எல்பிடா 2012-ல் திவால் ஆனது. அதை மைக்ரானே வாங்கிக்கொண்டது.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அந்த வழக்கில் பேர் அடிபட்ட ஐந்து கம்பெனிகளில் மிஞ்சியவை மூன்று: சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான். 2024-ல் உலகத்தில் விற்ற ரேமில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இந்த மூவருடையது. ஐந்து பேர் ரகசியமாகப் பேச ஓர் அறை வேண்டும். மூன்று பேருக்கு ஜாடையே போதும்.

2025-ல் என்ன நடந்தது?

செயற்கை நுண்ணறிவு வந்தது. அதற்காகப் பெரிய பெரிய கம்ப்யூட்டர் கூடங்களை அமெரிக்கக் கம்பெனிகள் கட்டின. அவற்றுக்கு விசேஷ ரேம் வேண்டும். அதில் லாபம் அதிகம். ஆகவே ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பின. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வரும் சரக்கு குறைந்தது. 2025 டிசம்பரில், 'குருஷியல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு ரேம் விற்ற வியாபாரத்தையே மூடப்போவதாக மைக்ரான் அறிவித்தது.

இது சதியா? கிராக்கி உண்மையானது. கண்ணுக்குத் தெரிகிற காரணம் இருக்கும்போது "திருடன்" என்று கூவுவது சரி அல்ல. அதே சமயம், முன்பு ஒரு முறை பிடிபட்டவர்கள் "கிராக்கிதான் காரணம்" என்று சொன்னால், கணக்கைக் காட்டச் சொல்வதில் தப்பு இல்லை.

யார் கேட்பது? இந்தியாவில் அதற்குப் போட்டி ஆணையம் இருக்கிறது. 2002-ம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 32-வது பிரிவின்படி, வெளிநாட்டில் செய்த ரகசிய ஒப்பந்தம் இந்தியச் சந்தையைப் பாதித்தால் ஆணையம் விசாரிக்கலாம். கூட்டில் இருந்து முதலில் வந்து உண்மையைச் சொல்பவருக்கு அபராதத்தைக் குறைக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. விலை இரட்டிப்பான மாதங்களில் யாருக்கு, என்ன விலைக்கு, எவ்வளவு சரக்கு போயிற்று என்று ஆணையம் மூன்று கம்பெனிகளையும் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு இன்னொரு உரிமையும் இருக்கிறது. குஜராத் மாநிலம் சானந்தில், சில்லுகளைப் பரிசோதித்துக் கட்டும் ஆலைக்கு மைக்ரான் 2023-ல் ஒப்பந்தம் செய்தது. மொத்தச் செலவு 275 கோடி டாலர் என்று திட்டம். அதில் பாதியை மத்திய சர்க்கார் தருவதாக ஒப்புக்கொண்டது. ஐந்தில் ஒரு பங்கை குஜராத் சர்க்கார் ஏற்றது. ரேம் வாங்கக் கடைக்குப் போன அந்த அப்பாவின் வரிப்பணமும் அதில் இருக்கிறது.