வாசலில் ஊத மட்டும் நாங்களா?

சத்தம் அதிகமாம். நான் நடத்திய நாகஸ்வர வகுப்பை மூடிவிட்டார்களாம். சென்னையில் கண்ணாடியும் லிஃப்டுமாக நிற்கிற அந்தத் தனியார் இசைக் கல்லூரியில் இதை என் முகம் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இல்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு வரி வந்தது, அவ்வளவுதான்.

அதே கட்டடத்தில் டிரம்ஸுக்குத் தனி அறை இருக்கிறது. சுவரெல்லாம் ஃபோம் ஒட்டி, இரட்டைக் கதவு போட்டு, உள்ளே இடி இடித்தாலும் வெளியே கேட்காதபடி கட்டியிருக்கிறார்கள். சாயங்காலமெல்லாம் அது பூட்டித்தான் கிடக்கும். அந்த நேரத்தில் எங்களுக்குத் திறந்துவிடுங்கள் என்று எத்தனையோ தடவை கேட்டேன். "அது சரிப்படாது சார்" என்றார் நிர்வாகி. ஏன் சரிப்படாது என்று அவரும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. கார் நிறுத்தும் இடத்தில், பெட்ரோல் வாடையில் மூச்சுப் பிடித்துத்தான் என் பிள்ளைகள் சரளிவரிசை ஊதினார்கள்.

பாடகர் ஜி.என்.பி. பாணிக்கு அங்கே பயிற்சிப் பட்டறை நடத்துகிறார்கள். அவர் பாட்டில் பொழிகிற பிருகாக்கள் எங்கிருந்து ஊறி வந்தன? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாயனத்திலிருந்தல்லவா! வாய்ப்பாட்டுக்காரர்கள் அவர் தோடியைக் கேட்டு ராகம் விரிக்கக் கற்றுக்கொண்டார்கள். நின்றுகொண்டு வாசிக்க மாட்டேன், மேடை போடு என்று சண்டை போட்ட மனிதர் அவர். 1956இல் போய்ச் சேர்ந்தார். அவர் வாங்கித் தந்த இடத்தை இன்றைக்கு எங்களிடமிருந்து பிடுங்குகிறார்களே, வயிறு எரிகிறது.

என் வகுப்பில் படித்த ஒரு பையன் இருக்கிறான். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். கடன்பட்டு, நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நாயனம் வாங்கிக் கொடுத்தார். அந்த வாத்தியத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லோரும் கொண்டாடினோம். வகுப்பு மூடியபின் அவன் எங்கே போய் ஊதுவான்? ஒற்றை அறை வீடு. சீவாளியை உதட்டில் வைத்தாலே பக்கத்து வீட்டில் கதவைத் தட்டுகிறார்கள். விரலால் துளையை மூடினால் மட்டும் ஸ்வரம் வந்துவிடாது. உதட்டின் அழுத்தமும் மூச்சின் அளவும் பிடிபட வேண்டும், அதற்குத் தினமும் ஊதியாக வேண்டும். விட்டால் கை நழுவிப் போகும். அரசு இசைப் பள்ளிக்கு அனுப்பு என்கிறார்கள். பகலில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை அது. சாயங்கால வகுப்பு என்று சொல்லித்தானே இந்தக் கல்லூரிக்காரர்கள் பணம் கட்ட வைத்தார்கள்?

வகுப்பைத்தான் மூடினார்கள், எங்கள் படத்தை விடவில்லை. வாசல் பலகையில் என் மாணவர்கள் நாயனத்தோடு இன்னும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதைக் காட்டித்தான் இந்த வருடமும் சேர்க்கை நடக்கிறது.

இப்போது விஜயதசமிக்கு வரச் சொல்லி ஃபோன் வருகிறது. பட்டு வேட்டி கட்டி, வாசலில் நின்று, வருகிற பெரிய மனிதர்களுக்கு மங்கள இசை வாசிக்க வேண்டுமாம். அவர்கள் உள்ளே போய் உட்கார்ந்ததும் மேடையில் கச்சேரி தொடங்கும். நாங்கள் பின்பக்கப் பந்தலில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

வரமாட்டேன். என் தவில்காரரும் வரமாட்டார். அந்த டிரம்ஸ் அறையைத் திறந்து பிள்ளைகளை உட்கார வையுங்கள், அன்றைக்கே வருகிறேன். இல்லையென்றால் கட்டிய பணத்தை அந்த ஆட்டோக்காரர் கையில் திருப்பிக் கொடுங்கள், பலகையிலிருந்து அவர் பிள்ளையின் படத்தை எடுங்கள்.