ஓயாமல் அடிக்கும் மணி

எட்டு வயது நிரம்பாத மகளுக்கு மார்பு வளரத் தொடங்கிவிட்டது. மருத்துவர் எழுதிக் கொடுத்த ஊசியை வாங்கி வந்த தாய், பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரிக்கிறாள். ‘புராஸ்டேட் புற்றுநோய்’ என்று கண்ணில் பட்டால் பதறத்தான் செய்வாள். மருந்து மாறிவிட்டதா? மகளுக்குப் புற்றுநோய் என்பதை மறைக்கிறார்களா?

இரண்டும் இல்லை. லியூப்ரோலைட், கோசெரெலின், டிரிப்டோரெலின் போன்ற ஊசிகளின் இலக்கு நோய் அன்று. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. விரையும் சினைப்பையும் அதன் உத்தரவுப்படிதான் ஹார்மோன் சுரக்கின்றன. சில புற்றுநோய்கள் அந்த ஹார்மோனை உண்டு வளர்கின்றன. கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸும் கருப்பை நார்க்கட்டியும் அதனால் பெருக்கின்றன. காலத்துக்கு முந்திய பூப்பும் அதன் வேலைதான். நோய்கள் வேறு வேறு. அடைக்க வேண்டிய மடை ஒன்று.

வியப்பு என்னவென்றால், இந்த ஊசி சுரப்பியைத் தடுப்பதில்லை, தூண்டுகிறது! பிட்யூட்டரிக்கு மேலிடம் ஹைப்போதாலமஸ். அங்கிருந்து சமிக்ஞை ஒரே சீராக வராது. விட்டு விட்டுத்தான் வரும். அந்தச் சமிக்ஞைப் பொருளின் அமைப்பு 1971-இல் தெரியவந்தது. அந்த ஆய்வுக்காக ஆண்ட்ரூ ஷாலியும் ரோஜர் கிய்மாவும் 1977-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அடுத்த ஆண்டே எர்ன்ஸ்ட் க்னோபில் குழுவினர் குரங்குகளில் ஒன்றைக் காட்டினார்கள்: மணிக்கு ஒருமுறை கொடுத்தால் பிட்யூட்டரி வேலை செய்கிறது, அதே பொருளை இடைவிடாமல் கொடுத்தால் அடங்கிவிடுகிறது. வாசல் மணி ஒருமுறை அடித்தால் எழுந்து போய்க் கதவைத் திறப்போம். ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் காதைப் பொத்திக்கொள்வோம் அல்லவா? அந்தச் சமிக்ஞையைப் போலவே தூண்டும் இந்த ஊசியும் ஓயாமல் அடிக்கும் மணிதான்.

இது புரிந்தால் பல குழப்பங்கள் தீரும். முதல் ஓரிரு வாரங்களில் ஹார்மோன் குறையாது, ஏறும். புற்றுநோய் எலும்புக்குப் பரவியவருக்கு வலி கூடலாம்; தண்டுவடம்கூட நசுங்கலாம். அதனால்தான் ஆபத்து உள்ளவர்களுக்குப் பைகலுட்டமைட் போன்ற மாத்திரையைத் துணைக்குக் கொடுக்கிறார்கள். மூன்று, நான்கு வாரங்களில் பொதுவாக அளவு இறங்கிவிடும். சுரப்பியை நேரடியாகத் தடுக்கும் டெகரெலிக்ஸ் ஊசியில் இந்த ஏற்றம் இல்லை.

தேதி தவறக்கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். 28 நாள் ஊசியைத் தள்ளிப்போட்டால் மணி நின்றுவிடும். சுரப்பி மெல்ல விழித்துக்கொள்ளும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் சுரப்பு திரும்பிவிடும் என்பது சிறுமியின் தாய்க்கு ஆறுதல். மாதவிடாய் நின்றதால் கரு தரிக்காது என்று பெண்கள் இதைக் கருத்தடையாக நம்பக்கூடாது.

பக்கவிளைவு இல்லாமல் இல்லை. ஹார்மோன் வற்றினால் உடல் திடீரெனக் கொதிக்கும், வியர்க்கும். நாளடைவில் எலும்பு மெலியும். எண்டோமெட்ரியோசிஸுக்குப் பொதுவாக ஆறு மாதத்தோடு நிறுத்துவதும், கூடவே சிறிதளவு ஹார்மோன் மாத்திரை கொடுப்பதும் இதனால்தான்.

பெட்டியில் இருக்கும் தாள் அந்த மருந்து எந்தெந்த நோய்க்கு உதவும் என்று சொல்லும். உங்கள் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். கேளுங்கள்: எதற்காக, எத்தனை மாதம், அடுத்த ஊசி எந்தத் தேதியில்?