தரிசு என்று நாம் அழைத்த புல்வெளி

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். அன்று நம் பள்ளிகளில் என்ன நடக்கும் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. முதல் நாளே குழி தோண்டி வைத்திருப்பார்கள். சிறப்பு விருந்தினர் வருவார். மரக்கன்று ஒன்றை நட்டு, நீர் ஊற்றுவார். மாணவ, மாணவியர் கைதட்டுவார்கள். மறுநாள் நாளிதழில் படமும் வரும். இது நல்ல பழக்கம்தான். இதைக் குறை சொல்வது நம் நோக்கம் அல்ல. ஆனால், அந்தக் குழியைத் தோண்டும்போது வெட்டி எறியப்பட்ட புல்லைப் பற்றி நம்மில் எவரேனும் ஒரு நொடி எண்ணிப் பார்த்ததுண்டா?

புல் என்றால் நமக்கு எப்போதுமே இளக்காரம். ஒருவரை மதிக்கவில்லை என்றால், 'அவரைப் புல்லாகக்கூட நினைக்கவில்லை' என்கிறோம். ஆனால், நம் தட்டில் விழும் சோறு எங்கிருந்து வருகிறது? நெல் ஒரு புல். கேழ்வரகு, கம்பு, சோளம், சாமை, தினை எல்லாமே புல் குடும்பத்தைச் சேர்ந்தவை. பொங்கலுக்கு வாங்கும் கரும்பும் புல்தான். ஓங்கி வளரும் மூங்கிலும் புல்தான். காலையில் நாம் குடிக்கும் பால், மாடு தின்ற புல்லின் மறுவடிவம் அன்றி வேறென்ன? நம்மை நாள்தோறும் வாழவைக்கும் ஒன்றை, காலில் மிதிபடும் ஒன்றாக மட்டுமே நாம் பார்த்துப் பழகிவிட்டோம்.

ஐக்கிய நாடுகள் பொது அவை, 2026ஆம் ஆண்டை, மேய்ச்சல் நிலங்கள் மற்றும் மேய்ச்சல் தொழில் செய்வோரின் பன்னாட்டு ஆண்டாக அறிவித்துள்ளது. உலகின் பல பகுதிகளிலும் புல்வெளிகள் அழிந்துவரும் வேளையில் எழுந்த அறிவிப்பு இது. இதைக் கேட்டதும் நம் எண்ணம் ஆப்பிரிக்கச் சமவெளிகளுக்கோ மங்கோலியாவுக்கோ போகலாம். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. நம் நீலகிரிக்கும் பழனி மலைக்கும் சென்றாலே போதும். புல்லை மதிக்காத ஒரு சமுதாயம் எதை இழக்கும் என்பதற்கு அங்கே பாடம் இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளில், இயற்கை ஒரு விந்தையான ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கிறது. நீரோடும் பள்ளங்களில் அடர்ந்த சோலைக்காடு. அவற்றைச் சுற்றியுள்ள சரிவுகளிலும் முகடுகளிலும் பரந்த புல்வெளி. பனிக்காலத்தில் இப்புல்வெளிகளில் உறைபனி விழும். சோலை மரங்களின் இளங்கன்றுகள் அதைத் தாங்குவதில்லை, புல் தாங்கும். காட்டை மனிதர் அழித்ததால் உருவானவையே இப்புல்வெளிகள் என்று பலர் நெடுங்காலம் எண்ணி வந்தனர். ஆனால், நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆராய்ந்து, பேராசிரியர் இராமன் சுகுமாரும் அவரோடு பணியாற்றியவர்களும் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு வேறு செய்தியைச் சொன்னது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்குப் புல் இருந்தது. காலநிலை மாற மாற, காடும் புல்லும் மாறிமாறிப் பரவியும் சுருங்கியும் வந்துள்ளன. அப்படியானால், அது அழிந்த காடு அல்ல. இயற்கையாகவே அமைந்த புல்வெளி.

இந்தப் புல்வெளியை நாம் என்ன செய்தோம்? ஆங்கிலேயர் அதைப் பயனற்ற நிலமாகப் பார்த்தனர். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தையும், நீலகிரி மக்கள் சீகை என்றழைக்கும் வாட்டில் மரத்தையும் கொண்டுவந்தனர். விடுதலைக்குப் பிறகு நாமும் அதே பார்வையைத் தொடர்ந்தோம். தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும், செயற்கை இழை ஆலைக்கு மரக்கூழ் வேண்டும், அடுப்புக்கு விறகு வேண்டும் என்று, சரிவு சரிவாகப் புல்வெளியில் மரங்களை நட்டோம். யாரும் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. 'சும்மா கிடக்கும் நிலத்தைப் பயனுள்ளதாக்குகிறோம்' என்றே எண்ணினார்கள். புல்வெளியில் இப்படி மரம் நடும் திட்டங்கள் நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால், சீகை நிற்கவில்லை. அதன் விதைகள் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு காத்திருக்கும். தீ பட்டால், கூட்டமாக முளைக்கும். யாரும் நடாமலேயே அது புல்வெளிக்குள் பரவிக்கொண்டிருக்கிறது.

விளைவு என்ன? பழனி மலைப்பகுதியைச் செயற்கைக்கோள் படங்களின் உதவியோடு ஆராய்ந்து, 2018ல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வின்படி, நான்கு பத்தாண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. அந்த இடத்தை அயல் மரத் தோட்டங்களும் விவசாயமும் பிடித்துக்கொண்டன. கொடைக்கானலுக்குச் சுற்றுலா செல்லும் நாம், அந்த மரங்களைப் பார்த்து, 'எவ்வளவு பசுமை!' என்று வியந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். நாம் வியந்து பார்ப்பது ஓர் இழப்பை என்பது நமக்குத் தெரிவதில்லை.

இது வரையாட்டையும் பறவைகளையும் மட்டும் பாதிக்கும் செய்தி என்று நினைத்துவிட வேண்டாம். இது தண்ணீர் பற்றிய செய்தி. உதகையிலுள்ள மத்திய மண் மற்றும் நீர்ப் பாதுகாப்பு ஆய்வு நிலையம் ஒரு சோதனையை நடத்தியது. அருகருகே இருந்த இரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் ஒன்றைப் புல்வெளியாகவே விட்டனர். மற்றொன்றின் பெரும் பகுதியில் கற்பூர மரங்களை நட்டனர். இரண்டு ஓடைகளிலும் ஓடும் நீரை ஆண்டுக்கணக்கில் அளந்தனர். முதல் 10 ஆண்டுகளில், மரங்கள் நடப்பட்ட ஓடையில் நீர்வரத்து சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. அம்மரங்களை வெட்டிய பின், அடிமரத்திலிருந்து மீண்டும் தளிர்த்து வளர்ந்தபோது இன்னும் அதிகமாகக் குறைந்தது. பெருமழை நாள்களின் வெள்ளத்தை மரங்கள் ஓரளவு தணித்தன என்பதும் உண்மை. ஆனால், மழையில்லாத மாதங்களில் கசிந்து வரும் நீர் பெரிதும் குறைந்தது. கோடையில் உழவருக்குத் தேவைப்படுவது அந்த நீர்தான்.

ஏன் இப்படி? விரைந்து வளரும் மரம், ஆழமாக வேர்விட்டு, ஆண்டு முழுவதும் நீரை உறிஞ்சி, இலை வழியே ஆவியாக்கிவிடுகிறது. மலைப்புல் அப்படிச் செய்வதில்லை. அதன் தேவை குறைவு. அதன் நெருக்கமான சல்லிவேர்கள் மண்ணை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, சதுப்புகளில் தேங்கி, மெல்ல மெல்ல ஓடைகளில் இறங்குகிறது.

அந்த ஓடைகள் எங்கே செல்கின்றன? நீலகிரியின் நீரைச் சுமந்துவரும் பவானியும் மோயாறும் பவானிசாகர் அணையில் கூடுகின்றன. அங்கிருந்து புறப்படும் கீழ்பவானித் திட்டக் கால்வாயை நம்பி 2 இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் இருக்கிறது. கோவை மக்கள் குடிக்கும் பில்லூர் நீரும் பவானியின் நீர்தான். மலையில் ஒரு புல்வெளி மறைவதற்கும், கடைமடை உழவர் ஒருவர் வாய்க்காலில் தண்ணீர் வருமா என்று காத்திருப்பதற்கும் தொடர்பு உண்டு. மழை குறைவு, ஆக்கிரமிப்பு, மணல் கொள்ளை என வேறு காரணங்களும் உள்ளன. ஆனால், ஊற்றுக்கண்ணில் நடப்பதை மறந்துவிட்டு, கால்வாயில் மட்டும் சண்டையிட்டுக்கொள்வதில் என்ன பயன்?

மலையிலேயே வாழ்வோரின் இழப்பு இன்னும் நேரடியானது. தோடர் இன மக்கள் தங்கள் எருமைகளை மேய்த்தது இப்புல்வெளிகளில்தான். அவர்கள் தம் கோயில்களின் கூரையை வேய்வதற்குச் சதுப்பில் வளரும் ஒரு தனி வகைப் புல்லையே பயன்படுத்துகின்றனர். புல் மறைந்தால், அவர்களது வழிபாட்டு மரபே தடுமாறுகிறது. நமக்குத் 'தரிசு' என்று தெரிந்த இடம், இன்னொருவருக்குத் திருத்தலமாக இருந்திருக்கிறது. நம் மாநில விலங்கான வரையாட்டின் வீடும் இதுவே. 2022ல் தமிழக அரசு வரையாட்டுக்கென்றே ஒரு திட்டத்தை அறிவித்தது. 2025ல் நடந்த கணக்கெடுப்பில், தமிழகத்தில் 1,303 வரையாடுகள் இருப்பதாகத் தெரியவந்தது. மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால், புல் இல்லாமல் வரையாட்டைக் காக்க முடியுமா?

இப்போது காலநிலை மாற்றம் பற்றிய கவலை உலகெங்கும் எழுந்துள்ளது. 2030ஆம் ஆண்டுக்குள், காடுகள் மற்றும் மரங்கள் வழியாக, 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடைக் கூடுதலாக ஈர்த்துக்கொள்ளும் அளவுக்கு வழி செய்வோம் என்று நம் நாடு உறுதியளித்துள்ளது. தமிழக அரசும் 2022ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியது. நோக்கம் நல்லது. ஆனால், 'இத்தனை இலட்சம் கன்றுகள்' என்று இலக்கு வைத்துவிட்டால், காலி இடம் தேடும் கண்களுக்கு முதலில் தெரிவது புல்வெளிதானே! மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத்தில் மேய்ச்சல் நிலங்களும் இடம்பெறுவது இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. மரம் தன் கார்பனைத் தண்டிலும் கிளையிலும் சேமிக்கிறது. காட்டுத்தீ வந்தால் அதில் பெரும்பகுதி புகையாகிப் போகும். புல், தன் சேமிப்பில் பெரும்பகுதியை மண்ணுக்குள் வைக்கிறது. மேலே எரிந்தாலும், வேர் பிழைக்கும். அடுத்த மழைக்குத் துளிர்க்கும். கண்ணுக்குத் தெரியாத சேமிப்பு என்பதால், அது சேமிப்பே இல்லை என்று ஆகிவிடுமா?

நம் உழவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. காங்கேயம் பகுதியில் கொறங்காடு என்ற மேய்ச்சல் நில முறை இன்றும் இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே நிழலுக்கு வெள்வேல மரம். மழை குறைந்த அந்த மண்ணில், காங்கேயம் காளைகளை வளர்த்தது இந்தப் புல்தான். அங்கே மரம் புல்லை விரட்டவில்லை. புல்லும் மரத்தை வெறுக்கவில்லை. எந்த இடத்தில் எது, எவ்வளவு என்பதை அம்மக்கள் அறிந்திருந்தார்கள். ஏட்டுக் கல்வி பெற்ற நாம்தான் அதை மறந்துவிட்டோம்.

சரி, இனி என்ன செய்வது? அயல் தாவரங்களை அகற்றி, இயற்கை வாழிடங்களை மீட்பதற்கென, 2022ல் தமிழக அரசு ஒரு கொள்கையை வகுத்தது. வரவேற்கிறோம். ஆனால், எல்லாச் சீகை மரங்களையும் ஒரே மூச்சில் வெட்டிவிட்டால் புல் தானாகத் திரும்பிவிடாது. வெட்டிய இடத்தில் விதைகள் மீண்டும் முளைக்கும். வயதான சில தோட்டங்களின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தலையெடுத்து வருகின்றன. அங்கே கோடரி வைப்பது இன்னொரு தவறாகிவிடும். எஞ்சியிருக்கும் புல்வெளியை முதலில் காப்பதும், அதன் ஓரங்களில் முளைக்கும் சீகைக் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்குவதுமே முதல் வேலை.

மற்றொன்றையும் மறக்கக்கூடாது. மலையூர்களில், தலையில் சீகை விறகுச் சுமையோடு நடந்துவரும் பெண்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்த மரம் சூழலுக்குப் பகையாக இருக்கலாம். அவர்கள் வீட்டு அடுப்பை எரியவைப்பது அதுவே. மரத்தை அகற்றும் திட்டத்தில் அவர்களுக்கு வேலையும், அடுப்புக்கு மாற்று எரிபொருளும் இல்லையென்றால், சுற்றுச்சூழலைக் காக்கும் செலவை நாம் ஏழைகளின் தலையில் சுமத்துகிறோம் என்றே பொருள். புல்லை மதிக்கத் தெரியாததும், புல்வெளி ஓரம் வாழும் மக்களை மதிக்கத் தெரியாததும் ஒரே நோயின் இரு அறிகுறிகள்.

அடுத்த ஜூன் 5 அன்றும் நாம் மரம் நடுவோம். தெருவோரத்தில், பள்ளி வளாகத்தில், ஏரிக்கரையில் நடுவோம். ஆனால், நடுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்போம்: இந்த இடத்தில் இதற்கு முன் என்ன இருந்தது? அவ்வூர்ப் பெரியவர்களிடமும், ஆடு மாடு மேய்ப்பவர்களிடமும் கேட்போம். அவர்கள் 'இது புல் விளையும் நிலம்' என்று சொன்னால், மண்வெட்டியைக் கீழே வைப்போம். அன்றைய நாளில், ஒரு கன்றை நடாமல் திரும்பி வருவதே நாம் இயற்கைக்குச் செய்யும் பெரிய உதவியாக இருக்கலாம். படம் எடுக்க அங்கே ஒன்றும் இருக்காது. ஆனால், கீழே எங்கோ ஒரு வாய்க்காலில், கோடையிலும் கொஞ்சம் தண்ணீர் ஓடும்.