லாரிக்கு ஏற்ற இன்வெர்ட்டர் எது?

பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு வெளியூர்ச் சந்தைகளுக்கு இராப்பயணம் போகும் லாரிகளில் மின்விசிறி, செல்போன் சார்ஜர், மின்சார அடுப்பு முதலியவற்றை உபயோகிக்க இன்வெர்ட்டர் வைத்துக்கொள்வதுண்டு. சொந்த வண்டியுள்ள குடியானவர்கள் இக்கருவியை அதன்மேல் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது பிசகு என்பது எமது அபிப்பிராயம். இன்வெர்ட்டர் தானாக மின்சாரம் உண்டாக்குவதில்லை. பாட்டரியிலுள்ள நேர் மின்சாரத்தை 230 வோல்ட் மாறு மின்சாரமாக மாற்றிக் கொடுக்கிறது. ஆகையால் முதலிற் கவனிக்கத்தக்கது பாட்டரியே.

பெரிய லாரிகளில் 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டைத் தொடராய் இணைத்து 24 வோல்ட் பெறுகிறார்கள். சிறு சரக்கு வண்டிகளில் 12 வோல்ட்டே உண்டு. ஒன்றுக்குரிய இன்வெர்ட்டர் மற்றொன்றுக்கு உதவாது. லாரியின் இரு பாட்டரிகளில் ஒன்றிலிருந்து மாத்திரம் 12 வோல்ட் எடுப்பதும் கூடாது. அதனால் இரண்டும் சமநிலை இழந்து விரைவிற் கெடும்.

பாட்டரிகள் 100 ஆம்பியர்-மணி உடையவையெனில், அவற்றின் இருப்பு 2,400 வாட்-மணியாகும். எஞ்சினைக் கிளப்புவதற்கென்றே செய்யப்பட்ட பாட்டரியாதலால், எஞ்சின் நின்றிருக்கையில் அதிற் காற்பங்குக்கு மேல் செலவிடாதிருப்பது நலம். அந்த 600 வாட்-மணியில் மாற்றும்போது நேரும் நஷ்டம் போக, ஏறக்குறைய 500 மிஞ்சும். 50 வாட் விசிறி எட்டு மணி நேரம் சுற்ற 400 போதும். 1,000 வாட் அடுப்போ அவ்வளவையும் அரைமணியில் தின்றுவிடும்.

பாட்டரி இறங்கினால் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடுமே என்பர் சிலர். 24 வோல்ட் கருவிகள் பல சுமார் 21 வோல்ட்டில்தான் நிற்கின்றன. அந்நிலைக்கு வந்த பாட்டரி எஞ்சினைக் கிளப்புமென்று நம்புவதற்கில்லை. விடியலில் வண்டி கிளம்பாவிடில் சந்தை வேளை தப்பும். வெயிலேறத் தக்காளி கனிந்து விலை குன்றும். ஓரிரவுச் சௌகரியத்திற்காக ஒரு போகத்தின் உழைப்பைப் பணயம் வைக்கலாமா?

ஆதலின், விசிறிக்கும் செல்போனுக்கும் 300 வாட் அளவுள்ள 'பியூர் சைன் வேவ்' இன்வெர்ட்டரே தக்கது. விலை மலிந்த மற்ற வகையில் விசிறி மோட்டார் இரைந்து சூடேறும். பாட்டரியிலிருந்து தடித்த கம்பியால் நேரே இணைத்து, பாட்டரியின் அருகிலேயே பியூஸ் வைக்கவேண்டும். சிகரெட் லைட்டர் துளை இப்பளுவைத் தாங்காது. சமையலை வண்டி மின்சாரத்தில் வைத்துக்கொள்ளாமலிருப்பதே உத்தமம். கடைக்குப் போகுமுன் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பார்களாக.