முதலில் குளிரைக் கேளுங்கள்

ஹூஸ்டனில் எங்கள் கொல்லையில் பழுத்த பிளாக்பெர்ரியைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டது என் தப்பு. "உங்க ஊர் வெயிலும் நம்ம மதுரை வெயிலும் ஒண்ணுதானே மாமா? இங்க நர்சரியில கன்னு விக்கிறாங்க, 600 ரூபாய்" என்கிறான் தங்கை மகன்.

வெயில் இருக்கட்டும், முதலில் குளிரைக் கேளுங்கள். இதன் மொட்டு தூக்கம் கலைந்து பூக்க, 7 டிகிரிக்குக் கீழே இத்தனை மணி நேரம் கிடந்தாக வேண்டும். ரகத்துக்கு ரகம் அந்தக் கணக்கு மாறும்.

இது தெரியாமல் நான் முதலில் நட்டது நவாஹோ. முள்ளே கிடையாது, 'வெயில் தாங்கும்' என்று அட்டை வேறு. தாங்கியது, பொய்யில்லை. ஆனால் அது கேட்பது 800 மணி நேரத்துக்கு மேல். எங்கள் குளிர்காலம் அதில் பாதி தந்தாலே பெரிது. இரண்டு வருஷம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பிராஸோஸ். டெக்சாஸ் ஏ அண்ட் எம் 1959-இல் வெளியிட்ட ரகம், இங்கு ஓடும் ஆற்றின் பெயர். சட்டைக் கையைக் கிழிக்கும் முள். ஆனால் 300 மணிக்குள்ளேயே திருப்தியாகி, மே மாதம் கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. பளபளவென்று கறுத்ததுமே பறித்தால் பல் கூசும். அந்தப் பளபளப்பு மங்கி, விரல் பட்டதும் கையோடு வரும் பாருங்கள், அதுதான் பதம். காய்த்து முடித்த தண்டு மறுபடி காய்க்காது, அடியோடு வெட்ட வேண்டும். "பச்சையா நிக்கிறதைப் போய்..." என்று வருஷா வருஷம் மனைவியிடம் திட்டு.

முள்ளில்லாததே உசத்தி என்ற மோகம் எனக்கு ஒப்பவில்லை. குளிருக்குக் காத்திராமல் முளைத்த வருஷமே காய்க்கும் பிரைம்-ஆர்க் ரகங்களும் வந்துவிட்டன, ஆனால் 30 டிகிரியைத் தாண்டினால் அவற்றின் பூ சரியாகப் பிஞ்சு பிடிப்பதில்லை. மெக்சிகோவின் மிச்சோவாகானில் குளிருக்குப் பதிலாக, பிரேசிலின் டூபி ரகத்துக்கு மருந்தடித்து இலையை உதிர்த்து, கவாத்து செய்து, பூக்க வைக்கிறார்கள். ஏற்றுமதிக்காரருக்கு அது கட்டும். மொட்டை மாடித் தொட்டிக்குக் கட்டுமா?

மதுரையில் மார்கழி விடியலில்கூட 7 டிகிரி வராது. கொடைக்கானல் பக்கம் முட்புதரில் கறுப்பாய்க் காய்ப்பது இதற்குப் பங்காளிதான். அங்கே சொந்தக்காரர் யாராவது இருந்தால் சொல், பார்ப்போம் என்றேன். கன்று வாங்குவதற்குள் என்ன ரகம், எத்தனை மணி நேரக் குளிர் என்று கேட்கவும் சொன்னேன்.

கேட்டிருக்கிறான். "பிளாக்பெர்ரி ரகம்தான் தம்பி, தினம் ரெண்டு வேளை தண்ணி ஊத்துங்க" என்றாராம் கடைக்காரர்.