அண்ணன் அன்றைக்கு ஏன் பஸ் ஏறினார்?

ஜூன் 30 வந்தால் நம் செல்போன்கள் நிறைந்துவிடும். கருப்புப் பட்டை, 'வீரவணக்கம்', 'எங்கள் அண்ணன் மேலவளவு முருகேசன்'. கூடவே அவரை எப்படி வெட்டினார்கள், தலையை எங்கே வீசினார்கள் என்ற விவரமும் ஒன்றுவிடாமல் வரும். நானும் அவரை அண்ணன் என்றுதான் சொல்கிறேன். ஆனால் தோழர்களே, செத்த விதத்தை மட்டும் மனப்பாடம் செய்வது அண்ணனை நினைப்பது ஆகாது. அப்படி வெட்டியதே, கேள்விப்படுகிறவன் அடுத்த முறை மனு போடப் பயப்பட வேண்டும் என்பதற்குத்தான். அந்த வேலையை நாம் ஏன் வருஷா வருஷம் செய்துகொடுக்கிறோம்?

1997ல் அன்றைக்கு அவர் ஏன் மதுரைக்குப் போனார் என்று கேட்டால் நம் தம்பி தங்கைகளில் பலர் விழிக்கிறார்கள். கொளுத்தப்பட்ட சேரி வீடுகளுக்கு நிவாரணம் கேட்டுக் கலெக்டர் ஆபீசுக்குப் போனார். திரும்பி வந்த பஸ்ஸை மறித்து அவரோடு சேர்த்து ஆறு பேரைக் கொன்றார்கள். ஊராட்சித் தலைவர் ஒருவர் தன் வேலையைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

மேலவளவு 1996ல் தனி ஊராட்சியானது. முதலில் மனு போட்டவர்கள் மிரட்டலில் வாபஸ் வாங்கினார்கள். அடுத்த முறை வாக்குச்சாவடியைச் சூறையாடினார்கள். மூன்றாவது முறை, டிசம்பர் 31 அன்று, போலீஸ் காவலில் நடந்த தேர்தலில் ஜெயித்தார். இவ்வளவையும் பார்த்த பிறகும் நின்றாரே, அந்த நெஞ்சழுத்தத்தைப் பேசுங்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் முறையாகத் தேர்தல் நடக்க 2006 வரை ஆனது.

"பழசைக் கிளறாதீங்க" என்று சிலர் புத்தி சொல்கிறார்கள். கிளறியது நாமா? 2001ல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. 2008ல் அண்ணா பிறந்தநாளைச் சொல்லி 3 பேரை வெளியே விட்டார்கள். 2009ல் உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டைச் சொல்லி 13 பேரை விட்டார்கள். ஒன்று இவர்கள் ஆட்சி, இன்னொன்று அவர்கள் ஆட்சி. ஆகவே இரண்டு கட்சிக்காரர்களும் நமக்குச் சமூகநீதி வகுப்பு எடுக்க வேண்டாம்.

ஆயுள் கைதி வெளியே வரவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சிறைச் சீர்திருத்தத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் சாதிக்காகக் கொன்றவன் திருந்திவிட்டான் என்று யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள்? தாலி இழந்தவர்களையா, அப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளையா? தலைவர்களின் பிறந்தநாள் சந்தோஷத்துக்கு எங்கள் வீட்டுச் சாவுதான் இனிப்பா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவு, அச்சட்ட வழக்குகளில் பெயில், பரோல், விடுதலை பற்றிப் பாதிக்கப்பட்டவர்கள் பேச உரிமை தருகிறது. சட்டம் படிக்கிறவர்கள் இதைத் தேடிப் படியுங்கள். நம் மேடைகளில் இதைப் பேசி நான் கேட்டதேயில்லை.

2020ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான ஒரு பெண் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். மற்றவர்களுக்கு நாற்காலி. முருகேசன் அண்ணன் இறந்து அப்போது 23 வருஷம்.

உங்கள் மாவட்டத்தில் தனி ஊராட்சிகள் எத்தனை, அவற்றின் தலைவர்கள் நாற்காலியில் உட்கார்கிறார்களா, சுதந்திர தினத்தில் கொடி ஏற்றுகிறார்களா, ஊராட்சிக் கணக்கு யார் கையில் இருக்கிறது என்று அடுத்த ஜூன் 30க்குள் நேரில் போய்ப் பார்த்து எழுதுங்கள். போஸ்டருக்கு ஒதுக்குகிற காசு பஸ் டிக்கெட்டுக்குப் போதும்.