நேரடி இணைய வகுப்பும் மாணவரின் ஆயத்தமும்

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டபோது, வகுப்பறை கைபேசித் திரைக்குக் குடிபெயர்ந்தது. கருவி ஒன்று வீட்டில் இருந்தால் மாணவர் ஆயத்தமாகிவிட்டார் என்னும் எண்ணமும் அன்றே வேரூன்றியது. இவ்வெண்ணம் பிழையானது, விஞ்ஞான நோக்கில் ஆராயத்தக்கது.

2017-18-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்றின்படி, இணைய வசதி பெற்றிருந்த குடும்பங்கள் கிராமங்களில் நூற்றுக்குச் சுமார் 15, நகரங்களில் 42. அதன் பின்னர்க் கைபேசி வெகுவாகப் பரவியுள்ளது. எனினும் வீட்டுக்கு ஒரு கைபேசி என்பது மாணவருக்கு ஒரு கைபேசி ஆகாது. தந்தை வேலைக்குப் புறப்பட்டால் கருவியும் உடன் புறப்படுகிறது. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே வேளையில் வகுப்பு நடந்தால் ஒருவர் விட்டுக்கொடுத்தே தீரவேண்டும். அவர் யாரென்று கூற வேண்டுவதில்லை.

இதனினும் நுட்பமானது இணைப்பின் இயல்பு. பதிவு செய்த பாடம் தாமதமாக வந்து சேர்ந்தாலும் கருவி அதனைச் சேமித்து வைத்துக்கொள்ளும். மாணவர் சற்றே காத்திருந்தால் போதும். நேரடி வகுப்பிலோ பேச்சு சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. காலந்தாழ்ந்து வரும் பொட்டலம் பயனற்றதாகி நீக்கப்படுகிறது. உரையாடல் இயல்பாக அமைய, ஒரு திசைத் தாமதம் 150 மில்லி செகண்டுக்கு மேற்படாதிருத்தல் நலம். மேலும், பெரும்பாலான இணைப்புகளில் வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் திறன், உள்ளே பெறும் திறனைவிடக் குறைவு. எனவே ஆசிரியரின் குரல் மாணவரை எட்டுகிறது. மாணவரின் ஐயம் ஆசிரியரை எட்டுவதில்லை. அந்த மௌனத்தை ஆசிரியர், பாடம் விளங்கிவிட்டதன் அடையாளமாகக் கொள்கிறார். நேரடி வகுப்பின் பெருங்கேடு இதுவே.

1975-76-இல் செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி அளிக்கப்பட்டபோது, பெட்டியை நிறுவிப் பழுது பார்க்கும் பொறுப்பைத் திட்டமே ஏற்றிருந்தது. இன்று அப்பொறுப்பு முழுவதும் குடும்பத்தின் தலையில் சுமத்தப்பட்டுள்ளது. இது முன்னேற்றமா என்பது ஐயத்துக்குரியது.

2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்க்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடங்கள் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மிகாமல் நேரடி வகுப்பு நடத்தப் பரிந்துரைத்தன. கண்ணுக்கு ஓய்வு என்ற அளவில் மட்டும் இதனைக் கருதுதல் போதாது. அரிதான அந்நேரத்தை விரிவுரைக்குச் செலவிடுவது வீண். விரிவுரையை முன்கூட்டியே பதிவாக அனுப்பி, நேரடி அமர்வை வினாவிடைக்கு ஒதுக்குவதே தக்கது.

பருவத் தொடக்கத்தில் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலிருந்து, வகுப்பு நடைபெறும் அதே வேளையில், ஆசிரியரிடம் ஓரிரு வாக்கியங்கள் பேசிக் காட்டும் சோதனை நடத்தப்படல் வேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. குரல் எட்டாதவர்க்குப் பள்ளியிலோ ஊர் நூலகத்திலோ இடமளிக்கலாம். அதுவும் இயலாவிடில், வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதுவது முறையன்று. ‘இணைப்பு இல்லை’ என்றே எழுதப்படல் வேண்டும்.